கதவை மெல்லச் சாத்தவும்

யேனா நகரில், சாலே ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
பழைய கண்ணாடித் தொழிற்சாலையின் பின்கட்டில்
ஒரு கதவு. அதில் ஒட்டிய காகிதம்:
'மெல்லச் சாத்தவும். உள்ளே வளர்கிறார்கள்.'
எழுதியவள் குண்டுலா.
அவள் மொழியில் அது உயர்திணையா அஃறிணையா
என்று வினையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.
நான் வாசிக்கையில் உயர்திணை.

அவர்களுக்குச் சமைப்பது எளிது.
கறுப்புத் தேநீர், சீனி, கொஞ்சம் காடி.
ஆற வைக்க வேண்டும்.
முப்பது பாகைக்கு இறங்கினால்தான்
அவர்கள் பிழைப்பார்கள்.
பிறகு தட்டம் தட்டமாக ஊற்றி, விளக்கை அணைத்து,
பத்து நாள் தொடக்கூடாது.
பாவில்லை, ஊடில்லை, தறியில்லை.
காற்றுக்கு ஏங்கி மேலே வந்து
ஒவ்வொருவரும் தன் உடம்பிலிருந்து ஓர் இழை விட,
ஒரு காலையில் ஏடு படிந்திருக்கும்,
காய்ச்சிய பாலில் போல.
அறை முழுக்கப் புளித்த வாடை.
டிராமில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலி.

பிறகு காரச் சோடாவில் கொதிக்க வைத்து
அத்தனை பேரையும் கொல்கிறேன்.
பட்டு உடுத்தியவர்கள் என்னைக் கேள்வி கேட்க வேண்டாம்.
மிஞ்சுவது ஈரமாய், கண்ணுக்கு மறைக்காத
ஒரு துணி.
வெட்டி, உறையிட்டு, எண்ணிட்டு அனுப்புகிறோம்.
யாருடைய புண்ணுக்கு என்று
நான்கு வருடமாக நான் கேட்டதில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
நவநீதன் தொலைபேசியில்
அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னான்.
கதவை அறைந்துகொண்டு வெளியே போனேன்.
தட்டங்கள் குலுங்கியிருக்கும்.
பாதி வளர்ந்த ஏடு சற்றே அமிழ,
அதன்மேல் இன்னொன்று தொடங்கியிருக்கும்.
வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழைக் கோடாய்த் தெரியும்.
தெரிந்தது.
தடிமன் அளந்தேன், இழுத்துப் பார்த்தேன்,
விதிப்படி தேறியது.
என் முதலெழுத்துகளை இட்டேன்.

ஜனவரியில் நீராவிக் கலனின் மூடி
அரை நொடி முந்தித் திறந்துகொண்டது.
இடது முன்கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை.
மருத்துவமனையில் மார்லிஸ் என்ற தாதி
ஓர் உறையைக் கிழித்தாள்.
"இது பாக்டீரியா செய்த துணி" என்றாள்,
"பயப்படாதீர்கள், இறந்துவிட்டன."
எனக்குத் தெரியும் என்று சொல்ல
வாய் வரவில்லை.
தலைகீழாக எண்ணைப் படித்தேன்.
அந்தச் செவ்வாய்.

குளிர்ந்தது.
வலி போகவில்லை, ஒரு படி கீழே இறங்கி
உட்கார்ந்துகொண்டது.
துணிக்குக் கீழே என் சிவப்பு.
துணிக்குள்ளே அந்தக் கோடு.
இரவுகளில் விளக்கைப் போட்டு இரண்டையும் பார்த்தேன்.
குண்டுலா கேட்டாள், ஆறுகிறதா என்று.
புண் ஆறுவதற்கு அவளிடம் ஒரு சொல்,
தேநீர் ஆறுவதற்கு வேறு சொல்.
எனக்கு ஒன்றே.
மனசுக்கும் அதைத்தான் சொல்வோம் என்று
அவளுக்கு விளக்கப்போய் பாதியில் விட்டேன்.

ஆறாம் நாள் மார்லிஸ் ஒரு முனையைத் தூக்கினாள்.
பருத்திக் கட்டு என்றால்
பொருக்கோடு சேர்த்துப் பிடுங்கியிருக்கும்.
இது பாலேடு போல வழுக்கி வந்தது.
வலித்ததா என்றாள்.
நான் புதுத் தோலில் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.
இல்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.
பழைய துணியைக் கேட்டேன்.
தர முடியாதாம், அது கழிவு.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன்.
கதவை வலக்கையால் சாத்தினேன்.
சீனியைக் கரைத்தேன்.
தேநீர் ஆறும்வரை
நவநீதனின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தாறு, முப்பத்து மூன்று,
முப்பது.
தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஊற்றத் தொடங்கினேன்.